வெறுங்கையோடு உள்ளே போவது

ஓய்வு பெற்ற போலீஸ்காரனிடம் ஜனங்கள் கேட்பது இரண்டே கேள்விகள்தான். முதலாவது, "யாரையாவது சுட்டிருக்கீங்களா சார்?" இல்லை என்றதும் முகம் தொங்கிப்போகும். அந்தத் தொங்கிய முகத்தோடேயே இரண்டாவதைக் கேட்பார்கள்: "வாரண்ட் இல்லாம போலீஸ் வீட்டுக்குள்ள வரலாமா?"

முகப்பேரில் எங்கள் ஹவுசிங் போர்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. காலையில் நான் அங்கே நடப்பது டாக்டர் சொன்னதற்காக. நிற்பது இந்தக் கேள்விக்காக. "சில சமயம் வரலாம், ஆனால்..." என்று ஆரம்பிப்பேன். வரலாம் என்பதைக் கேட்டதுமே ஆள் நகர்ந்துவிடுவார். அந்த 'ஆனால்' இருக்கிறதே, அதற்குப் பின்னால்தான் என் மொத்த சர்வீஸும் இருக்கிறது. அதை இதுவரை யாரும் நின்று கேட்டதில்லை.

போன மாதம் எனக்குத் தெரிந்த ஓர் இளம் சப்-இன்ஸ்பெக்டர் போன் செய்தார். புதுச் சட்டப்படி சோதனையை முழுக்கப் படம்பிடிக்க வேண்டுமாம். "சார், செல்போனை எப்ப ஆன் பண்றது? வாசல்லயா, உள்ள போனப்புறமா?"

"முதல்ல உன் பாக்கெட்டைக் காட்டி ஆன் பண்ணு" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வாழ்நாள் முழுக்க நக்கலாகவே பேசியவனுக்கு வரும் தண்டனை இது. உண்மையைச் சொன்னாலும் ஜோக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் சிரிப்புச் சத்தம் கேட்காது.

நான் போலீஸில் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினேன், விழுந்தேன், எழுந்து சல்யூட் அடித்தேன். துப்பாக்கிப் பயிற்சியில் நான் சுட்ட குண்டுகள் எங்கே போயின என்பது இன்றுவரை துப்புத் துலங்காத விஷயம். கையெழுத்து மட்டும் அச்சடித்தது போல இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, இவன் கையில் துப்பாக்கியைவிடப் பேனாதான் ஊருக்கு நல்லது என்று முடிவு செய்து, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஒரு ஸ்டேஷனில் ரைட்டருக்கு உதவியாளாகப் போட்டார்கள். கொஞ்ச காலத்தில் நானே ரைட்டர் ஆனேன். ஸ்டேஷனில் நடப்பது, நடக்காதது எல்லாம் ரைட்டர் எழுதினால்தான் நடந்ததாகக் கணக்கு.

அந்த நாளில் ஒரு வீட்டைச் சோதனை போடுவதென்றால், அக்கம்பக்கத்தில் வசிக்கும் மரியாதையான இரண்டு பேரைச் சாட்சியாக அழைக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஸ்டேஷன் வழக்கம் வேறு. எதிரே டீக்கடை பெஞ்சில் சம்பந்தம் என்று ஒருவர் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பார். ஜீப்பைக் கிளப்பும் சத்தம் கேட்டதும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

"இன்னா சார், இன்னிக்கு எந்த ஊட்டுல?"

"மாங்காடு."

"சரி வா, போலாம். நம்ம ஏரியாதான்."

சம்பந்தத்துக்கு எல்லாமே நம்ம ஏரியாதான். மாங்காட்டிலும் அவர் அக்கம்பக்கம், பூந்தமல்லியிலும் அக்கம்பக்கம், திருமுல்லைவாயிலிலும் அக்கம்பக்கம். ஒருநாள் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல், பழைய வழக்குகளின் கட்டை மேசையில் வைத்துவிட்டு, சம்பந்தத்திடம் மிகவும் பணிவாகக் கேட்டார்: "ஐயா, நீங்க எந்தத் தெருவுல தூங்குறீங்க?" கோர்ட்டே சிரித்தது. வழக்கும் அந்தச் சிரிப்போடு போயிற்று. திருடன் எங்களுக்கு முன்னால் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டான்.

இதற்குப் பிறகுதான் எஸ்தர் அம்மா எங்கள் ஸ்டேஷனுக்கு சப்-இன்ஸ்பெக்டராக வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. குரலை உயர்த்தவே மாட்டார். நாங்கள்தான் காதை உயர்த்திக்கொள்ள வேண்டும். பெண் அதிகாரி என்றால் அப்போது எங்களுக்குப் பழக்கமில்லை. 'சார்' என்று வாய் தவறிச் சொல்லி, 'மேடம்' என்று திருத்தி, பதற்றத்தில் இரண்டையும் சேர்த்து 'சாம்' என்று நான் ஒருமுறை சல்யூட் அடித்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

வந்த முதல் வாரமே சம்பந்தத்தைக் கூப்பிட்டு, "நீங்க இனிமே டீ மட்டும் குடிங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு நீண்ட பொதுவாழ்வு அதோடு முடிந்தது.

எஸ்தர் அம்மாவோடு நான் போன முதல் சோதனை மாங்காட்டில். கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு டேப் ரெக்கார்டர் இருப்பதாகத் தகவல். எங்கள் பழைய பாணிப்படி கதவைத் தள்ளிக்கொண்டு நான் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரைட்டர், காலை எடுங்க."

எடுத்தேன். வீட்டுக்காரர் லுங்கியை இறக்கிவிட்டபடி வந்தார். சினிமா பார்த்த தைரியத்தில், "வாரண்ட் கீதா?" என்றார்.

"இல்லை" என்றார் எஸ்தர் அம்மா. "அவசரம்னா வாரண்ட் இல்லாமலும் தேடலாம்னு சட்டம் சொல்லுது. ஆனா என்ன பொருளைத் தேடுறோம், ஏன் இங்க தேடுறோம்னு முன்னாடியே எழுதி வெச்சிட்டுத்தான் வரணும். எழுதியிருக்கேன். படிச்சுக் காட்டவா?"

வீட்டுக்காரர் குழம்பிவிட்டார். படித்துக் காட்டுவதாகச் சொல்லும் போலீஸை அவர் எந்த சினிமாவிலும் பார்த்ததில்லை. படித்துக் காட்டியதும் இன்னும் குழம்பினார். அதற்குப் பிறகு எஸ்தர் அம்மா சொன்னதில் எனக்கே தலை சுற்றியது.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி எங்களை நீங்க சோதிச்சுக்கங்க. நாங்க வெறுங்கையோட வந்திருக்கோம்னு நீங்களே பார்த்துக்கங்க."

இது சட்டப் புத்தகத்தில் வரிபிடித்துக் காட்டக்கூடிய விஷயமில்லை. நல்ல அதிகாரிகளிடம் இருந்து வந்த வழக்கம். போலீஸே பொருளைக் கொண்டுவந்து வைத்து எடுத்தது என்று நாளைக்கு ஒருவர் சொல்லக் கூடாதல்லவா? இந்த வழக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அதை உண்மையிலேயே செய்கிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். வாசலில் ஒரு முக்காலி கேட்டு வாங்கினார். தன் கைப்பையை அதன்மேல் கவிழ்த்தார். பேனா, கைக்குட்டை, இருமல் மிட்டாய், ஊக்கு. வீட்டுக்காரரின் மனைவியை அழைத்துத் தன்னைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அந்தப் பெண் கூச்சத்தில் தொட்டும் தொடாமலும் பார்த்தாள்.

"ரைட்டர், நீங்க."

என் பாக்கெட்டில் இருப்பவை எனக்கே முழுதாகத் தெரியாது. முக்காலியில் ஒவ்வொன்றாக வைத்தேன். ஒரு லாட்டரிச் சீட்டு, பல் போன சீப்பு, தீப்பெட்டி, காதுகுடைகிற கோழி இறகு, கடைசியில் பின்பாக்கெட்டிலிருந்து ஒரு துப்பறியும் மாத நாவல். வீட்டுக்காரர் நாவலை எடுத்து அட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இத்தையா சார் படிக்கிறே? நான் படிச்சிட்டேன். அந்தத் தம்பிகாரன்தான் கொலைகாரன்."

இன்னும் பாதி படிக்க வேண்டியிருந்தது எனக்கு. சந்தேகத்துக்குரியவர் சப்-இன்ஸ்பெக்டர் முன்னிலையில் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்த ஒரே வழக்கு அதுதான். எஸ்தர் அம்மாவின் உதட்டோரம் ஒருமுறை அசைந்தது. டேப் ரெக்கார்டர் பரண்மேல் சாக்குப் பையில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களே சாட்சி. கோர்ட்டில் அந்த வழக்கை அசைக்க முடியவில்லை.

திரும்பி வருகையில் ஜீப்பில் டிரைவர் முணுமுணுத்தார்: "வாசல்ல நின்னு இவ்ளோ கதை பேசினா, உள்ள இருக்கறவன் பொருளை ஒழிச்சிட மாட்டானா மேடம்?"

"டேப் ரெக்கார்டரை முழுங்க முடியாது" என்றார்.

வெளியே வரும்போதும் அதே முக்காலி, அதே சடங்கு. "வெறுங்கையோட போறோம்னும் பார்த்துக்கங்க." உள்ளே போகும்போது இருந்ததுதான் வெளியே வரும்போதும் இருக்க வேண்டும், கைப்பற்றிய பொருளைத் தவிர. அதற்குப் பட்டியல் போட்டு, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு வருடத்தில் என் பாக்கெட் அம்பத்தூர் வட்டாரத்தில் பிரசித்தமாகிவிட்டது. காதுகுடைகிற இறகை விட்டுவிடும்படி ஒரு சாராய வியாபாரியின் மனைவி எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறாள்.

இனி, நான் சொல்ல வந்த சோதனை.

எங்கள் எல்லையில் ஒரு பெரிய இயந்திரத் தொழிற்சாலை இருந்தது. பெயர் வேண்டாம். அதன் குவார்ட்டர்ஸில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். ஒரே குழாயடியில் நாலு விதத் தமிழ் கேட்கும். தொழிற்சாலை ஸ்டோரில் பித்தளைக் கம்பிகள் குறைந்துகொண்டே வந்தன. செக்யூரிட்டி சூப்பர்வைசர் கனகசபை, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மீசையை ராணுவத்திலேயே விட்டுவிட்டு வர மனமில்லாதவர், ஒரு சனிக்கிழமை காலையில் ஸ்டேஷனுக்கு வந்தார். பெயர் சொல்லாத ஒருவர் போனில் தகவல் கொடுத்தாராம்: லேத் மெஷினில் கடைசல் வேலை பார்க்கும் டர்னர் ஜெயசீலன் வீட்டில் கம்பிகள் இருக்கின்றன.

"பேர் சொல்லாத போனை மட்டும் வெச்சு ஒரு வீட்டுக்குள்ள நான் போகமாட்டேன்" என்றார் எஸ்தர் அம்மா. "வேற என்ன இருக்கு?"

"பளுவான பையோட அவன் சாயங்காலத்துல வீட்டுக்குப் போறதை என் செக்யூரிட்டி கார்டு ரெண்டு பேர் பார்த்திருக்காங்க மேடம்."

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். எஸ்தர் அம்மா என்னிடம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: தேடும் பொருள், பித்தளைக் கம்பிகள். ஸ்டோரிலிருந்து காணாமல் போன அளவுள்ளவை. ஏன் அந்த வீடு, ஏன் வாரண்டுக்குக் காத்திருக்க முடியாது என்பதும். இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொழிற்சாலையில் ஒரு துண்டு பித்தளை ஒருவன் வீட்டில் அகப்பட்டால் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். ஜெயசீலனுக்குப் பத்தாவது படிக்கும் ஒரு மகள். பரீட்சைக்கு நாள் நெருங்கியிருந்தது.

நாங்கள் போனபோது ஜெயசீலன் ஷிஃப்டிலிருந்து அழைத்து வரப்பட்டு வாசலில் நின்றிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கையில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு. தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் மனைவி ரோஸ்லின் நிமிர்ந்துதான் நின்றாள். அந்த வீட்டில் நிமிர்ந்து நிற்கும் பொறுப்பு அவளுடையது போலிருந்தது.

"ரைட்டர், அக்கம்பக்கத்துல ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க."

இங்கேதான் ஒரு புதுமையைக் கண்டேன். எந்த வீட்டிலும் ஆள் வரவில்லை. ஒரு வீட்டில் கதவைத் திறந்ததும் உள்ளே பூஜை மாடத்துக் குத்துவிளக்கின்மேல் ஒரு துண்டு விழுந்தது. இன்னொரு வீட்டில் அம்மா ஒருத்தி சப்பாத்திக் கட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "அவருக்கு ஜுரம் சார்" என்றாள். மூன்றாவது வீட்டில் ஒருவர் வெற்றிலை இடிக்கிற உரலை மடியில் வைத்து வேட்டியால் மூடிக்கொண்டார்.

மெதுவாகத்தான் புரிந்தது. லேத்தில் வேலை செய்கிற கைகள். கழித்துப் போட்ட துண்டில் ஆசைக்கு ஏதாவது ஒன்று கடைந்து வீட்டுக்குக் கொண்டுவராதவர் அந்தக் குவார்ட்டர்ஸிலேயே கிடையாது. விற்பதற்கில்லை, வீட்டுக்காரிக்குக் காட்ட. திருட்டு என்று அதை யாரும் நினைத்ததில்லை, வாசலில் ஜீப் வந்து நின்ற அந்தச் சனிக்கிழமை வரை. சாட்சியாக வந்தால் போலீஸ் கண் அடுத்து நம் அடுப்படிக்கு வருமோ என்ற பயம். கடைசியில் வந்தவர்கள் இரண்டு பேர்: லேத்தையே தொட்டிராத ஒரு பள்ளிக்கூட டீச்சர், மருத்துவ விடுப்பிலிருந்த ஒரு கேன்டீன் ஊழியர்.

முக்காலி வந்தது. எஸ்தர் அம்மா கைப்பையைக் கவிழ்த்தார். ரோஸ்லின் தயங்கவில்லை, அவரை முறையாகவே சோதித்தாள். அடுத்து நான். அன்று என் பாக்கெட்டில் டீக்கடையில் வாங்கிய அரை முறுக்கு ஒன்று காகிதத்தில் இருந்தது. ரோஸ்லின் அதைப் பிரித்து, நுனியை ஒடித்து முகர்ந்து பார்த்தாள்.

"எண்ணெய் காறிப்போச்சு சார். இதையா திங்கிய?"

சோதனைக்கு வந்த இடத்தில் கடிந்துகொள்ளப்பட்டு நான் முறுக்கை மடித்து வைத்தேன். சாட்சிகளும் பாக்கெட்டைக் காட்டினார்கள். எஸ்தர் அம்மா கனகசபையைப் பார்த்தார்.

"நீங்களும் சார்."

"நானா? நான் எக்ஸ் சர்வீஸ்மேன் மேடம்."

"நான் இப்போ சர்வீஸ்லயே இருக்கேன். காட்டிட்டேன்."

"ஒரு தொழிலாளி வீட்டு வாசல்ல நான் பாக்கெட்டை..."

"வேண்டாம்னா நீங்க இங்கேயே நிக்கலாம். உள்ள வர்றவங்க மட்டும் காட்டினா போதும்."

கனகசபைக்கு உள்ளே வர வேண்டியிருந்தது. மீசை துடிக்கப் பாக்கெட்டைக் காலி செய்தார். விசில், சாவிக்கொத்து, கைக்குட்டை, ஒரு மூக்குப்பொடி டப்பா. பளபளவென்று பித்தளை டப்பா. ரோஸ்லின் அதை எடுத்தாள், மூடியைத் திருகினாள், மறுபடி மூடினாள். அவள் விரல் மூடியின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. ஜெயசீலன் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அந்த டப்பாவைப் பார்த்தார், உடனே குனிந்துகொண்டார். அவள் டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

உள்ளே போனோம். கட்டிலுக்கடியில், பரணில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். கம்பி இல்லை. அந்தப் பளுவான பை சமையலறை மூலையிலேயே இருந்தது. பிரித்தோம்; அரிசி மாவு. ரோஸ்லின் முறுக்கு சுட்டு, குவார்ட்டர்ஸ் கடைகளுக்குப் போடுகிறவள். புருஷன் ஷிஃப்டு முடிந்து வரும் வழியில் மில்லில் அரைத்துக்கொண்டு வருவார். காவலாளிகள் பார்த்தது பச்சரிசி மாவைத்தான்.

எல்லாம் முடிந்தது என்று நான் பேனாவை எடுத்தபோது கனகசபை அடுப்பு மேடையிலிருந்து ஒன்றைத் தூக்கினார். முறுக்கு உரல். கனத்த பித்தளை. பிடி வழுக்காமல் இருக்க, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வைர வடிவில் குறுக்குவரி போட்டிருந்தது. அப்படியொரு உரலைக் கடையில் நான் பார்த்ததில்லை. கொலுவில் வைக்கலாம்.

"இதோ! பித்தளை! எடுத்துக்கங்க மேடம்."

ரோஸ்லின் சுவரில் கை ஊன்றிக்கொண்டாள். உள்ளறையில் புத்தகத்தோடு இருந்த மகள் எழுந்து நின்றாள். எங்கள் எல்லோருக்கும் தெரியும், அந்த உரல் எங்கே பிறந்தது என்று.

"நான் எழுதியிருக்கிறது கம்பி" என்றார் எஸ்தர் அம்மா.

"கம்பியிலேர்ந்து செஞ்சதுதானே மேடம்?"

"எப்படிச் சொல்றீங்க?"

"இந்த வேலைப்பாட்டைப் பாருங்க! இந்த வரியைப் பாருங்க! இது கடைச் சாமான் இல்லை. எங்க லேத்து வேலை. எத்தனை வருஷமா பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா?"

கனகசபை கெட்டவரில்லை. ஸ்டோரில் கம்பி குறைந்ததற்கு மேலதிகாரிகள் அவரைக் குடைந்துகொண்டிருந்தார்கள். ஏதாவது ஒன்றைக் கொண்டுபோய் மேசையில் வைக்க வேண்டிய அவசரம். அவருடைய வேலையும் அந்த உரலில்தான் தொங்கியது.

அப்போது ரோஸ்லின் வாயைத் திறந்தாள்.

"மேடம், எங்க வீட்ல என்ன கிடைச்சுதுன்னு நீங்க லிஸ்டு எழுதித் தருவியல்லா?"

"ஆமா. ஒரு காப்பி உங்களுக்கு."

"அப்ப உங்ககிட்ட என்ன கிடைச்சுதுன்னு நானும் எழுதணுமா? ஏன்னா இந்த சாரோட பொடி டப்பாவுலயும் இதே வரிதான் இருந்துச்சு. அதை போன ஆயுத பூஜைக்கு எங்க வீட்ல இவுகதான்..."

"அம்மா, நிறுத்துங்க."

எஸ்தர் அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"உங்களுக்கோ உங்க வீட்டுக்காரருக்கோ எதிரா திரும்பக்கூடிய எதையும் நீங்க சொல்ல வேண்டியதில்லை. சொல்லுன்னு எங்களால உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அரசியல் சட்டத்துலயே அது இருக்கு. நாங்க கேட்கவும் இல்லை. நீங்க சொல்லவும் வேண்டாம்."

என் சர்வீஸ் முழுக்க, போலீஸ் வாயிலிருந்து 'சொல்லு' என்ற வார்த்தையை எத்தனை ராகத்தில் கேட்டிருக்கிறேன்! கெஞ்சலாக, அதட்டலாக, லத்தியைத் தட்டித் தாளத்தோடு. 'சொல்லாதே' என்று ஒரு போலீஸ் அதிகாரி சொல்லிக் கேட்டது அன்றுதான். அரசியல் சட்டம் என்பது டெல்லியில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் ஒரு பெரிய புத்தகம் என்றே நான் நினைத்திருந்தேன். அது ஒரு முறுக்குக்காரியின் அடுப்படி வரை வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எஸ்தர் அம்மா கனகசபையிடம் கையை நீட்டினார். அவர் டப்பாவைக் கொடுத்தார். உரலையும் டப்பாவையும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். டீச்சரையும் கேன்டீன்காரரையும் கிட்டே வந்து பார்க்கச் சொன்னார். ஒரே வரி, ஒரே கை. குழந்தைக்கும் தெரியும்.

"இது உங்க லேத்து வேலைன்னு நீங்கதான் சொன்னீங்க சார். அப்போ இது ரெண்டுமே கம்பெனிச் சொத்து. ரெண்டையும் கைப்பற்றி, எது யார்கிட்ட இருந்துச்சுன்னு எழுதிக்கறேன். ரைட்டர், பேனாவைத் திறங்க."

திறந்தேன். கனகசபை டப்பாவைப் பார்த்தார், உரலைப் பார்த்தார், ரோஸ்லினைப் பார்த்தார். மீசை மெல்லப் பொதுமக்கள் வாழ்க்கைக்குத் திரும்பியது.

"இந்த மாதிரி... கடையிலயும் கிடைக்கும் மேடம்."

"டப்பாவா?"

"டப்பாவும்."

"உரல்?"

"உரலும் கிடைக்கும்."

"லேத்து வேலைன்னு சொன்னீங்களே?"

"தூரத்துலேர்ந்து பார்த்தா அப்படித் தெரிஞ்சுது."

உரலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவர் முதலில் அப்படிச் சொல்லியிருந்தார். டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"நான் எழுதிட்டு வந்த பொருள் கம்பி" என்றார் எஸ்தர் அம்மா, யாரிடமும் என்றில்லாமல், பொதுவாக. "கம்பி இல்லை. ரைட்டர், எழுதுங்க: தேடிய பொருள் எதுவும் கிடைக்கவில்லை."

என் கையெழுத்து அன்று இருந்த அழகு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சாட்சிகள் கையெழுத்துப் போட்டார்கள். நகலை ஜெயசீலன் வாங்கினார். படிக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றார். காணாமல் போன கம்பிகள் பிற்பாடு வேறொரு இடத்தில், வேறு ஆட்களிடம் கிடைத்தன. அது வேறு கதை. அதில் என் பாக்கெட்டுக்கு வேலையில்லை.

இந்தக் கதையைச் சொன்னால் இன்றைய பையன்கள் சிலர், "அப்போ மேடம் கண்ணை மூடிக்கிட்டாங்கன்னு சொல்லுங்க" என்பார்கள். அதே கேள்வியை அன்றே ஜீப்பில் டிரைவர் கேட்டார். எஸ்தர் அம்மா சொன்னார்: "எழுதாததை எல்லாம் எடுக்க ஆரம்பிச்சா, அப்புறம் முன்னாடியே எழுதிட்டுப் போறது எதுக்கு? அப்படியும் எடுக்கணும்னா ரெண்டு பேர்கிட்டயும் எடுக்கணும். ஒருத்தர்கிட்ட மட்டும் எடுக்கறதுக்கு நான் வரலை."

ஆனால் நான் ஜீப்புக்கு அவசரப்பட்டுவிட்டேன். அதற்கு முன்னால் வாசலில் முக்காலி இருந்தது. வெளியே வரும்போதும் சோதனை உண்டு அல்லவா?

"வேண்டாம் மேடம்" என்றாள் ரோஸ்லின். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உங்களை எதுக்குப் பார்க்கணும்?"

"பார்க்கணும். வெறுங்கையோட போறோம்னு நீங்க பார்த்தாத்தான் எங்களுக்கு மரியாதை."

அவள் கைப்பையைப் பார்த்தாள். கனகசபையின் விசில், சாவி, டப்பா எல்லாவற்றையும் பார்த்தாள். என் முறை வந்தது. லாட்டரிச் சீட்டு, சீப்பு, தீப்பெட்டி. காகிதப் பொட்டலத்தை எடுத்து முக்காலியில் வைத்தேன். வைக்கும்போதே கனம் வேறு மாதிரி இருந்தது. உள்ளே மேடையில் குனிந்து எழுத இடைஞ்சலாக இருந்ததென்று அதைப் பாக்கெட்டிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். ரோஸ்லின் வேறெங்கோ பார்த்தாள். வெண்ணெய் வாசனை வாசல் வரை வந்தது.

எஸ்தர் அம்மா பொட்டலத்தைப் பிரித்தார். அந்த உரலில் பிழிந்த முறுக்கு, சுற்றுக்குச் சுற்று சீராக, பொன்னிறமாக, முழுசாக.

"ரைட்டர்."

"மேடம்."

"உள்ள போகும்போது அரை முறுக்கு."

"ஆமா மேடம்."

"காறிப்போனது."

"ஆமா மேடம்."

அவர் அந்த முறுக்கை ஒரு நிமிஷம் பார்த்தார். அவருக்கும் காலையிலிருந்து பட்டினிதான் என்பது எனக்குத் தெரியும்.

"போய் உங்களுடையதை வாங்கிட்டு வாங்க."

புது முறுக்கைத் திருப்பிக் கொடுக்க மறுபடி உள்ளே போனேன். ரோஸ்லின் சிரித்துக்கொண்டே குப்பைக்கூடையிலிருந்து என் அரை முறுக்கைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஜெயசீலனும் சிரித்தார், அவர் பல்லை அப்போதுதான் பார்த்தேன். அரை முறுக்கைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். ஆவடி ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது எடுத்துக் கடித்தேன். அந்தப் பெண் சொன்னது சரிதான், எண்ணெய் காறிப்போயிருந்தது. முழுக்கத் தின்றேன்.